தவமலரின் மாறாத கழுத்து நோ

தவமலருக்குக் கழுத்து நோ வந்தது ஒரு சிவப்பு விளக்கில். வேலை முடிந்து டண்டினொங் புறநகரில் இருக்கும் தன் யூனிட் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள், சிவப்பு விழுந்ததும் காரை ஒழுங்காக நிறுத்தினாள். பின்னால் வந்தவன் நிறுத்தவில்லை. இடித்தவன் இறங்கி ஓடிவந்து நடுங்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியவள் இவள்தான். அவள் அப்படிப்பட்டவள், என்ன செய்வது.

அறுபதை நெருங்கும் வயது. புருஷன் போய்ச் சேர்ந்து கனகாலம். ஒரே மகன் கீர்த்தனன் நாட்டின் மறுகரையில், பேர்த்தில் சுரங்க வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். "சாப்பிட்டீங்களோ அம்மா?" "ஓம் ராசா." அதோடு கதை முடிந்துவிடும். வாரத்தின் மிச்ச நாட்களில் அவள் குளிரூட்டிய தொழிற்சாலை ஒன்றில் கீரை பொதி செய்தாள். கையில் உறை, தலையில் வலை. பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களின் காதுகளில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

விபத்துக்கு அடுத்த நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சரக்குச் சாமான் வாங்கும் கடைக் கண்ணாடியில் ஒரு விளம்பரம் தமிழில் ஒட்டியிருந்தது. வாகன விபத்தா, முதுகா, கழுத்தா, வாருங்கள், நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, எல்லாம் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். இப்படி அன்பொழுகத் தமிழில் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் போகாமல் இருப்பார்களா?

எலும்பை நெரித்துச் சரிசெய்யும் கைரோபிராக்டர் கிளினிக் அது. டேமியன் என்ற அந்த மனிதர் எக்ஸ்ரேயைச் சுவரில் போட்டுக் காட்டி, இப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் தலையைத் திருப்ப முடியாது என்று வெருட்டினார். பிறகு அவளுடைய தலையைப் பிடித்து மளுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். உயிர் போய் வந்தது. உடனே திரைக்கு அப்பால் இருந்த அடுத்த கழுத்தைத் தேடிப் போய்விட்டார். ஒரே நேரத்தில் மூன்று கட்டில்களில் மூன்று பேர் கிடப்பார்கள். அவர் தேனீ மாதிரிச் சுற்றிக்கொண்டிருப்பார்.

மிச்சத்தையெல்லாம் செய்தவள் ராகவி. சென்னையிலிருந்து படிக்க வந்த பிள்ளை. வரவேற்பு மேசையில் போன் எடுப்பதுதான் அவளுடைய வேலை. ஆனால் சூட்டுப் பையைக் கழுத்தில் வைப்பதும், களிம்பு போட்டு உருவிவிடுவதும் அவள்தான். அதற்கு அவள் படித்தவளில்லை. காப்புறுதிக்குப் போன கணக்கில் அதுவும் வைத்தியமாகத்தான் போயிற்று. "ஆண்ட்டி, சூடு போதுமா? காலையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உருவுவாள். கை மெத்தென்று இருக்கும். போகும்போது, வந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட ஒரு தொடுதிரையை நீட்டுவாள். சில நாட்களில், போன முறை விட்டுப்போய்விட்டது என்று சொல்லி இன்னும் இரண்டு மூன்று கையெழுத்து வாங்குவாள். தவமலர் கேள்வி கேட்காமல் விரலால் கீறிக் கொடுத்தாள். ஆண்ட்டி என்று கூப்பிடும் பிள்ளையிடம் ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. சுகமா என்று கேட்டால், நல்ல சுகம் என்று வாயால் சொல்லிவிடமாட்டோம். சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். லொத்தர்ச் சீட்டில் வீடு விழுந்தவனும் "ஏதோ இருக்கிறம்" என்றுதான் சொல்லுவான். டேமியன் ஒவ்வொரு முறையும் வலி எப்படி என்று கேட்டார். தவமலரும் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் இருக்கு" என்பதை இங்கிலிஷில் சொன்னாள். அவருக்கு வேறென்ன வேண்டும்? வலி தொடர்கிறது, வைத்தியமும் தொடரவேண்டும் என்று காப்புறுதிக்கு எழுதிக்கொண்டே போனார்.

உண்மையில் நோ இரண்டாம் மாதமே போய்விட்டது. அரிசி மூட்டையைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டு குசினி வரை வந்து இறக்கிய அன்றைக்கே அவளுக்கு அது விளங்கிவிட்டது. அவள் ஒன்றும் மடைச்சி இல்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் போனாள். அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை. காலையில் தலைக்கு முழுகி, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போவாள். கழுத்தில் கை வைக்கப்போகிற பிள்ளைக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டக்கூடாது என்று நினைப்பாள். குப்புறப் படுத்து, அந்தக் கை பட்டதும், சிலநேரம் கண் கலங்கிவிடும். நோகிறதா ஆண்ட்டி என்று ராகவி கேட்பாள். கொஞ்சம் என்பாள் இவள். தனிமை என்று அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. நான் வைக்கிறேன்.

இப்படியே ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில், ஒருநாள் பின்னேரம், ராகவியின் பெயர் போனில் விழுந்தது. தவமலருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வரச்சொன்னால் வருவாளோ, இடியப்பம் பிடிக்குமோ என்று அதற்குள் நினைத்துவிட்டாள்.

"ஆண்ட்டி, இன்சூரன்ஸ்லேருந்து உங்களுக்குக் கால் பண்ணுவாங்க. வாரத்துக்கு மூணு தடவை வந்தேன்னு சொல்லிடுங்க. டாக்டர் சொல்லச் சொன்னார். இல்லேன்னா எனக்கு வேலை போயிடும்."

நான் வாரத்தில் ஒருநாள்தானே வந்தனான் என்றாள் தவமலர். ப்ளீஸ் ஆண்ட்டி என்று ஒரு குரல், அதோடு போன் வைக்கப்பட்டுவிட்டது. சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கோபம் ஆறவில்லை. இத்தனை மாதத்தில் அந்தப் பிள்ளையிடமிருந்து வந்த முதல் போன், அதுவும் பொய் சொல்லச் சொல்லி. அவள் பிறகு உண்மை சொன்னதை நேர்மை என்று யாரும் புகழவேண்டாம். மனம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். சொன்னால் கிளினிக் கதவு தனக்கும் சாத்தப்பட்டுவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய்க்கிழமை போக வேறு ஓர் இடம் இல்லை என்பதும் தெரியும்.

காப்புறுதி அதிகாரி போனில் கூப்பிட்டபோது லைனில் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தாள். யாழ்ப்பாணத்துக் குரல், இளசு. அதிகாரி இங்கிலிஷில் கேட்க, அவள் தமிழில் கேட்டாள். எத்தனை முறை போனாள், யார் உருவிவிட்டது, எல்லாவற்றுக்கும் தவமலர் மறைக்காமல் பதில் சொன்னாள். இப்போது வலி எப்படி இருக்கிறது என்று கேள்வி வந்தது. வாயில் வழக்கமான பதில் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"நோ இல்லை. அது எப்பவோ மாறிட்டுது."

"அப்ப ஏன் இவ்வளவு காலம் போனனீங்கள்?"

"அந்தப் பிள்ளை என்ர கழுத்தில கை வைக்கும். வேற ஒருத்தரும் என்னைத் தொடுறேல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே இங்கிலிஷில் சொன்னாள். உங்கள் மேல் எந்தப் பிழையும் வராது, ஏதாவது கேட்கவேண்டுமா என்றார் அதிகாரி.

"உங்களைத்தான் தங்கச்சி, ஒண்டு கேக்கலாமோ? அவர் போன பிறகு நீங்கள் கொஞ்ச நேரம் லைனில நிப்பீங்களோ? சும்மா கதைக்க."

மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் சொந்தக் கதை எதுவும் கதைக்கக்கூடாது. காதில் விழுவது எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லவேண்டும். அதுதான் அவர்களின் தொழில். அந்தப் பெண் இதையும் இங்கிலிஷில் அதிகாரியிடம் சொன்னாள். அவர் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"நேரம் ஒதுக்கிக் கதைச்சதுக்கு நன்றி. விசாரணை இதோட முடிஞ்சுது."

இருவரும் ஒன்றாகவே லைனை விட்டுப் போனார்கள்.