இடது கை மவுஸ்

நான் எழுதிய மென்பொருளில் எல்லோரும் பாராட்டியவை இரண்டு. ஒன்று, மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொள்ளும் வசதி. மற்றது, ஒரு படிவத்தை அழிக்க இரண்டு கைகளையும் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற ஏற்பாடு. இரண்டும் ஒரே சனிக்கிழமை என் மனைவியின் கையை நான் உடைத்ததால் வந்தவை. எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அவள் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிளாட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். கிள்ளான் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்கப் படிவம் நிரப்பும் ஏஜெண்டுகளுக்காக நான் அந்த மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். அவள் ரயில்வே கிளார்க் ஒருவரின் மகள். அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஸ்டெனோவாக உயர வேகத் தேர்வு ஒன்று இருந்தது. அதற்கு அழைப்பு வரப் பதினோரு வருடம் காத்திருந்தாள். அந்த மாதம்தான் வந்தது.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. மினி பஸ்ஸில் வந்து, சாப்பிட்டுவிட்டு, நான் எழுதியதை ஓட்டிப் பார்க்கக் கணினி முன் உட்காருவாள். நான் இரும்பு ஸ்கேலுடன் பின்னால் நிற்பேன். டைப்ரைட்டிங் பழகிய இடத்தில், விசையைக் குனிந்து பார்த்தால் விரல் கணுவில் அடிப்பார்கள். அப்படித்தான் நான் கற்றேன். அவள் தவறும் ஒவ்வொரு முறையும் அடித்தேன். எந்த விசையில் தவறினாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் அந்த விசையை வசதியான இடத்துக்கு மாற்றினேன். ஒருமுறை முடியைப் பிடித்து நெற்றியைத் திரையின் விளிம்பில் மோதினேன். அந்தத் தாளில் அதையும் ஒரு புள்ளியாகத்தான் குறித்தேன்.

அந்தச் சனிக்கிழமை எஃப் ஒன்பது விசை சேமிக்க, எஃப் பத்து அழிக்க என்று வைத்திருந்தேன். மூன்றாவது முறையாக அவள் சேமிக்கப் போய் அழித்துவிட்டாள். இரண்டு முறை ஸ்கேல் விழுந்திருந்தது. கணுக்கள் சிவந்திருந்தன.

"ரெண்டையும் ஒட்டி ஒட்டி வச்சா கை போகத்தாங்க செய்யும்."

"கண்ணு எதுக்கு இருக்கு?"

"கண்ணு பேப்பர்ல இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க." லேசாகச் சிரித்தாள். "அழிக்கிறதத் தூரமா வையுங்க. ரெண்டு கையும் வேணும்னு வையுங்க. அப்பதான் ஒரு நிமிஷம் யோசிப்பாங்க."

அவள் சொன்னது சரி என்று உடனே தெரிந்தது. அதனால்தான் அடித்தேன். அந்தக் காலத்துக் கீபோர்டுக்கு அடியில் இரும்புத் தகடு இருக்கும்; நல்ல கனம். இரண்டு கைகளாலும் அதைத் தூக்கினேன். யோசிக்க நேரம் இருந்தது. மவுஸின் மேலிருந்த அவளுடைய வலது கையின்மீது இறக்கினேன். அவள் கையை இழுப்பதற்குள் மறுபடி இறக்கினேன். ஒரு நகம் பிய்ந்து மேசையில் கிடந்தது. மவுஸின் ஓடு பிளந்து, உள்ளேயிருந்த ரப்பர் உருண்டை அலமாரிக்கு அடியில் ஓடியது. அவள் கத்தவில்லை, மூச்சு மட்டும் சீறியது. நான் முதலில் குனிந்து தேடியது அந்த உருண்டையை. திங்கட்கிழமை கிள்ளானில் காட்ட வேறு மவுஸ் என்னிடம் இல்லை.

கிளினிக்கில் டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "கார் கதவுல மாட்டிக்கிச்சு டாக்டர். என் கார்தான், நான்தான் கவனிக்காம சாத்திட்டேன்."

எங்களிடம் கார் கிடையாது. டாக்டர் தையல் போட்டுக் கட்டிவிட்டு, இரண்டு விரல் முறிவு, கணவரின் கார் கதவில் சிக்கியது, ஆறு வாரம் கட்டு என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவள் போகவில்லை. கடிதத்தை மேசையில் விரித்து வைத்தாள்.

"புதன்கிழமை டெஸ்ட். காரணத்தோட டாக்டர் லெட்டர் கொடுத்தா ஆறு மாசம் தள்ளி வைப்பாங்க. ஆனா இத எப்படிங்க கொடுக்குறது? நம்மகிட்ட காரே இல்லன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். தினம் மினி பஸ்ல தொங்கிட்டு வர்றவ நான். பொய் லெட்டர் கொடுத்தான்னு வேலைக்கே உலை வச்சிருவாங்க."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"டாக்டர்கிட்ட வந்து நடந்தத சொல்லுங்க. நான் மட்டும் போனா புருஷன் மேல பழி போடுறான்னு நினைப்பாரு. நீங்க சொன்னா வேற லெட்டர் தருவாரு. வேற ஒண்ணும் கேக்கல."

"நாளைக்கு டெமோ முடியட்டும்லா."

அன்று பிற்பகல் முழுக்க வேலை செய்தேன். இடது கையில் மவுஸைப் பிடித்தால் ஆள்காட்டி விரல் தவறான பொத்தானில் விழுகிறது. அதனால் இரண்டு பொத்தான்களையும் இடம் மாற்றினேன். அழிப்பதற்குக் கீபோர்டின் இரு கோடிகளிலும் உள்ள விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று வைத்தேன். அவளை உட்கார வைத்துப் பழக்கினேன். ஸ்கேலை எடுக்கவில்லை. எடுக்காததைப் பெருந்தன்மை என்று நினைத்தேன்.

கிள்ளானில் அந்த ஏஜென்சியின் முதலாளி முன்பே சொல்லியிருந்தார்: "படிச்சவங்க செஞ்சா எல்லாமே சுலபம்தான் சார். டைப்பிஸ்ட் யாராவது செஞ்சு காட்டட்டும்." அதனால் அவளை லீவு போடவைத்துக் கூட்டிப்போனேன். ஒட்டுப்போட்ட மவுஸை இடது கையால் நகர்த்திப் படிவங்களை நிரப்பினாள். அழிக்கும்போது, கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த கட்டைவிரலால் வலக்கோடி விசையை அழுத்தினாள். மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது.

அங்கே வேலை செய்த பெண்ணுக்கு இடது கைப் பழக்கம். "எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குலா அக்கா," என்றாள். "கையில என்ன?"

"கார் கதவு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "எப்படி சார் இப்படியெல்லாம் யோசிக்கத் தோணுது?"

"மனுஷன் கைய கவனிச்சுப் பார்த்தா போதும்," என்றேன்.

திரும்பும் பஸ்ஸில், பெட்டாலிங் ஜெயா வந்ததும் அவள் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "நல்லா சொன்னீங்க," என்றாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட வர்றீங்களா?"

"பாப்போம்."

செவ்வாய்க்கிழமை, கிள்ளானுக்குக் கொடுக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பதிய வேண்டும் என்று சொன்னேன். பத்து நிமிட வேலை அது. கிளினிக் எங்கள் தெருவிலேயே இருந்தது. அவள் உடுத்திக்கொண்டு, கிளினிக் மூடும் ஆறரை மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சேலையை மாற்றினாள்.

புதன்கிழமை கடிதம் கொடுக்காமலே தேர்வு எழுதினாள். கட்டை அவிழ்த்துவிட்டு டைப் அடித்திருக்கிறாள். நான்காவது வரியில் தையல் பிரிந்து தாளில் இரத்தம் பட்டதும், மேற்பார்வையாளர் தாளை உருவி எடுத்துவிட்டாராம். இதை அவள் தன் தங்கையிடம் சொன்னாள். தங்கை பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். அந்தப் புதன்கிழமை மாலை, தேர்வு எப்படி இருந்தது என்று நான் கேட்டதற்கு, என் மனைவி "முடிஞ்சிருச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு, இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டாள். இரண்டாவது அழைப்பு வரவில்லை. அந்த விரல்கள் நேராகவும் இல்லை. ஓய்வு பெறும்வரை கோப்பு அறையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு நான் கை ஓங்கவில்லை என்று எழுத ஆசை. ஓங்கினேன். இன்னும் நான்கைந்து வருடம்.

மென்பொருள் நன்றாகவே போனது. அடுத்த வருடம் ஒரு கார் வாங்கினேன். வாங்கும்போது எனக்குள் ஓடிய எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன்: இனி அந்தக் கடிதம் பொய்யில்லை. வீட்டு வாசலில் நிறுத்தி, அவள் பக்கக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவள் கைப்பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு காரைச் சுற்றி நடந்துபோய், மினி பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.