மல்லிகா கிரைண்டரின் வெள்ளை ரப்பர்

சாருலதா பிறர் வீடுகளில் இட்லி, தோசை சாப்பிடுவதை நிறுத்தியது தொண்ணூற்று நாலாம் வருஷத் தீபாவளியன்று. வயிறு சரியில்லை என்பாள், இன்று விரதம் என்பாள், காப்பி மட்டும் போதும் என்பாள். மடி, ஆசாரம் என்று எதையும் வைத்துக்கொள்ளாமல் கூட்டத்தில் பஸ் ஏறி வேலைக்குப் போய்வந்தவள், நரை விழுந்ததும் மடிசஞ்சியாகிவிட்டாள் என்று நாத்தனார்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். காரணம் ஒரு ரப்பர் வளையம். அதை நாத்தனார்களிடம் சொல்லிப் புரியவைக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. கணவர் சுவாமிநாதன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவள் மெக்கானிக்கல் இன்ஜினியர்; படித்த வகுப்பில் ஒரே பெண். ஆழ்வார்பேட்டையில் மிக்ஸி, ஸ்டெபிலைசர், இஸ்திரிப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் புதிய பொருட்களுக்கு மேனேஜர். ஒரு சாமான் புதிதாகக் கடைக்குப் போக வேண்டுமென்றால், முதல் படம் வரைவதிலிருந்து அட்டைப்பெட்டியில் என்ன அச்சடிப்பது என்பது வரை அவள் பொறுப்பு. கடைசியில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் அது ஒர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டும்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எந்தச் சாமானும் ஊர் வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் அவள் வீட்டில் சில மாதம் குடியிருக்க வேண்டும்.

"மத்தவா ஆத்துக்கு மாட்டுப்பொண் வருவா. நம்மாத்துக்கு மோட்டார் வரது," என்பார் சுவாமிநாதன்.

"அது மாட்டுப்பொண் மாதிரி எதிர்த்துப் பேசாது, சந்தோஷப்படுங்கோ," என்பாள்.

அந்த வருஷம் வந்தது டேபிள் டாப் கிரைண்டர். அதுவரை கிரைண்டர் என்றால் சமையலறை மூலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூதம். அசோக் நகரில் புதிதாகக் கட்டிய பிளாட்டுகளில் அந்த பூதத்துக்கு இடமில்லை. மேடை மேல் வைத்து அரைக்கிற மாதிரி ஒன்றைச் செய்தால் கொத்திக்கொண்டு போவார்கள் என்று முதலாளி பத்ரிநாராயணன் கணக்குப் போட்டார். மல்லிகா என்று பெயரும் அவரே வைத்தார். மெஷின் ஓடுவதற்கு முன்பே விளம்பர வாசகம் தயாராகிவிட்டது: மல்லிப்பூ மாதிரி மாவு.

சாருலதா இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டினாள். ஆரம்பத்திலேயே, மெஷின் தேற வேண்டிய சோதனைகளை வரிவரியாக எழுதிவைத்தாள். அதில் ஒரு வரி: அரைத்த மாவின் நிறத்தில் மாற்றம் தெரியக் கூடாது. வீடுகளில் மாவை யாரும் கருவி வைத்துப் பார்ப்பதில்லை. வெள்ளையாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் சரியான வரி என்று நினைத்தாள். எழுதியதை நடுவில் யாரும் மாற்றக் கூடாது என்றும் ஒரு விதி போட்டாள். அது முதலாளியின் மகன் சாய்நாத்துக்காகப் போட்ட விதி. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவன், வாரத்துக்கொரு யோசனை சொல்வான். கிரைண்டரில் தேங்காய்த் துருவி வேண்டும் என்றான். பிறகு கடிகாரம் வேண்டும் என்றான்.

ஒர்க்‌ஷாப்பில் சோதனை பார்த்தவர் கலீமுல்லா. தினமும் உளுந்து அரைத்தார். மாவு பால் மாதிரி வந்தது. அவர் சுத்தக்காரர். அரைத்து முடித்த கையோடு தொட்டியைக் கழுவி, துடைத்து, கவிழ்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

வீட்டில் அப்படி யார் செய்கிறார்கள்? சாருலதா காலையில் அரைத்து மாவை வழித்தெடுப்பாள். தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவாள். சாயங்காலம் வரை ஊறும். ஒட்டியதெல்லாம் தானாக விட்டுவிடும். மயிலாப்பூரில் கிரைண்டர் வைத்திருந்த எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

மெஷின் வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உளுந்து பொங்கி வரும்போது மாவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. கல்லோடு சேர்ந்து சுற்றியது. சுற்றச் சுற்ற அகலமானது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். சைக்கிள் கடை வாசனை.

மெஷினை நிறுத்தி, தொட்டியைக் கழற்றினாள். அடியில் மோட்டார் தண்டு நுழையும் இடத்தில் சீல் என்கிற ரப்பர் வளையம்; தண்ணீர் கீழே இறங்காமல் தடுக்க. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி, உப்பி, ஓரம் பிசிறு பிசிறாகக் கிழிந்திருந்தது. கீழே இருக்க வேண்டிய கிரீஸ் அந்தப் பிசிறு வழியாக மேலே வந்து மாவில் கலந்துகொண்டிருந்தது. இது இன்று தொடங்கியிருக்காது. போன வாரத்து மாவிலும் இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவில். அந்த மாவில் வார்த்த தோசையை வீட்டில் எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். அவள் முற்றத்துக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மறுநாள் அந்த ரப்பரைக் கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய் சாய்நாத்தின் மேஜையில் வைத்தாள்.

"ரப்பரையே மாத்தணும். அது உக்கார்ற இடத்தையும் மாத்தணும். அச்சு புதுசா வெட்டணும். மூணு மாசம் ஆகும்," என்றாள்.

"மூணு மாசமா? விளையாடறேளா மேடம்? ஆனி முடியறதுக்குள்ள லாஞ்ச் பண்ணியாகணும். ஆடி பொறந்துடுத்துன்னா அப்பா ஒரு பெட்டியைக்கூடத் திறக்க விடமாட்டார். ஆவணின்னா தீபாவளி ஆர்டர் போச்சு. ஊறப்போடாதீங்கன்னு புஸ்தகத்துல எழுதிடலாமே?"

"கிரைண்டர் வாங்கினவா புஸ்தகம் படிச்சு எங்கயாவது பாத்திருக்கேளா?"

அவன் அந்த ரப்பரை நுனிவிரலால் தள்ளிவைத்தான். "புது மெஷின்ல மாவு வெள்ளையாத்தானே வரது?"

"புதுசுல வரும்."

"அப்புறம் என்ன? டீலர்ஸ் மீட்ல புது மெஷின் வைப்போம். நீங்களே ஸ்டேஜ்ல அரைச்சுக் காட்டுங்கோ. பட்டுப்புடவை கட்டிண்டு, பூ வெச்சுண்டு, நம்மாத்து மாமி மாதிரி. இன்ஜினியர் அரைச்சா யாருக்குப் பசிக்கும்?"

தண்டின் விட்டத்தை நூலளவு மாற்றி மாற்றி இரண்டு வருஷம் வரைந்தவள் அவள். பூ வைத்துக்கொண்டு வரச் சொன்னான். சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கூட்டம் தி.நகரில், ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் வாழை மரம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம். டீலர்கள் டிபனை முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கலீமுல்லாவும் சாருலதாவும் இறங்கினார்கள். நடுவில் பழைய பெட்ஷீட்டில் சுற்றியபடி அவள் வீட்டு மெஷின். கிழிந்த ரப்பரை அவளே மறுபடி மாட்டியிருந்தாள்; முந்தின நாள் முழுக்க அதில் தண்ணீர் நின்றிருந்தது.

"மேடம், இத்த மேடைல வெச்சா வேல பூடும். எனுக்கோசரம் சொல்லல, உங்களுக்கோசரம் சொல்றேன்," என்றார் கலீமுல்லா.

"ஒரு பக்கம் தூக்குங்கோ பாய்."

"பெட்ஷீட்ல சுத்தி, பாக்கறதுக்கே பாடி மாதிரி கீது."

"அதேதான். தூக்குங்கோ."

மேடையில் இருந்த புது மெஷினை எடுத்துத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு இதை வைத்தார்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான்.

"நம்ம மயிலாப்பூர் மாமி!" என்று சாய்நாத் மைக்கில் கத்தினான். ஆபீசில் மேடம், மேடையில் மாமி. கைதட்டினார்கள். சாருலதா ஊறிய உளுந்தைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினாள். கல் சுற்றியது. தண்ணீர் தெளித்தாள். கோடு வந்தது. முன்வரிசையில் ஒருவர் பல் குத்துவதை நிறுத்தினார். மெஷினை நிறுத்தி, தொட்டியைக் கழற்றி, கூட்டத்தைப் பார்த்துச் சாய்த்தாள். வெள்ளை மாவில் கறுப்புத் திரிதிரியாக ஓடியது.

"இது கிரீஸ். எங்காத்துல இதைத்தான் சாப்பிட்டிருக்கோம். ரப்பரை மாத்தாம இதை விக்கக் கூடாது," என்றாள். மைக் இல்லாததால் பாதிப் பேருக்குத்தான் கேட்டிருக்கும். ஆனால் தொட்டி எல்லாருக்கும் தெரிந்தது.

நாதஸ்வரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. மனசு லேசாக இருந்தது.

நாகராஜ் எழுந்து மேடை ஏறினார். தி.நகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய பாத்திரக் கடை அவருடையது; அவர் எடுத்தால்தான் மற்ற டீலர்கள் எடுப்பார்கள். ஒரு விரலை மாவில் விட்டார். முகர்ந்தார். தோள் துண்டில் துடைத்தார்.

"இன்னா மேடம், இதுக்கா இம்மாம் பெரிய பஞ்சாயத்து? ரப்பரும் கறுப்பு, கிரீஸும் கறுப்பு. அதான் தெரியுது. வெள்ள ரப்பர் போடு, வெள்ள கிரீஸ் தடவு. எவனுக்குத் தெரியப்போவுது?"

"நைனா, நீதான்யா இன்ஜினியரு!" என்று கீழேயிருந்து ஒருவர் கத்தினார்.

மண்டபம் சிரித்தது. முதலில் சிரித்தவன் சாய்நாத். "இதான் ஃபீட்பேக்! இதுக்குத்தான் டீலர்ஸ் வேணுங்கறது!" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டான். பத்ரிநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள குத்துவிளக்கை ஏத்துங்கோ," என்றார். ஏற்றினார்கள். பிறகு, குறையைத் துணிச்சலாக எடுத்துக்காட்டிய மாமிக்கு ஒரு பொன்னாடை என்று அறிவித்துப் போர்த்தினார்கள். அவள் பக்கத்தில் அந்தத் தொட்டி திறந்தே இருந்தது. அதை மூடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அவளை யாராவது வேலையை விட்டுத் துரத்தியிருந்தால் தேவலை. ஒருவரும் கோபப்படவில்லை.

ஆடியிலேயே வெள்ளை சீல் வந்துவிட்டது. ரப்பர் அதே ரப்பர், சாயம்தான் வேறு. கலீமுல்லா இந்த முறை தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சோதித்தார். சீல் அதே போல உப்பியது, அதே போலக் கிழிந்தது. கிரீஸ் மேலே வந்தது. மாவு வெள்ளையாக இருந்தது.

"எல்லா வரியும் தேறிடுத்து மேடம்," என்று சாய்நாத் காகிதத்தை நீட்டினான்.

"முகர்ந்து பாருங்கோ."

"முகர்ந்து பாக்கணும்னு இதுல எங்க இருக்கு?"

"நான் எழுதறேன்."

"நடுவுல மாத்தக் கூடாதுன்னு ரூல் போட்டது நீங்கதானே?" என்றான். சிரிக்கக்கூட இல்லை. நியாயமாகத்தான் கேட்டான்.

அவள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். நிறத்தில் மாற்றம் தெரியக் கூடாது. தெரியவில்லை. அவள் எழுதிய வரி, அவள் போட்ட விதி. எந்த இடத்தில் மறுப்பது என்று தேடினாள். தேடிக்கொண்டே இருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள். கலீமுல்லா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த தொட்டியை மறுபடி துடைத்தார்.

தீபாவளிக்கு மல்லிகா பறந்தது. அசோக் நகரில் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது இலையில் இட்லி விழுந்தது. "உன் கிரைண்டர்தான் சாரு! மாவு எப்படி வெளுத்திருக்கு பாரேன்!" என்றாள் நாத்தனார். வெளுத்துத்தான் இருந்தது. சாருலதா விண்டு முகர்ந்தாள். தேங்காய்ச் சட்னிக்கு அடியில் சைக்கிள் கடை. நிஜமாகவே இருந்ததா, தன் மூக்கில்தான் இருந்ததா என்று அவளால் கடைசி வரை சொல்ல முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டாள்.

யாரும் சாகவில்லை. யாருக்கும் வயிற்று வலிகூட வரவில்லை. வந்திருந்தாலும் சாம்பாரைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். ஒரு புகார்க் கடிதம் வராதா என்று ஒரு வருஷம் காத்திருந்தாள். வரவில்லை. பாராட்டுகள் வந்தன. அதற்கு மேல் அந்த ஆபீசில் உட்கார முடியாமல் வேலையை விட்டுவிட்டு, அடையாறில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தாள். காலையில் கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவாள். சந்தில் முக்கால்வாசி வீடுகளில் மல்லிகாதான். அவள் வீட்டில் மூலைக்குப் பழைய பூதமே திரும்பி வந்தது.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் இதயம் தளர்ந்து அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்தாள். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்றார்கள். கேன்டீன் தட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பினாள். வார்டு ஆயா அன்புக்கரசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, எத்தினி நாளைக்கு வெறும் கஞ்சியே குடிச்சிகினு கெடப்ப? ரெண்டு இட்லி துன்னு."

"எந்த மெஷின்ல அரைச்சா?"

"இன்னாது?"

"மாவும்மா. எதுல அரைக்கறா இங்க?"

"பெரிய கல்லு கீது கீழ. இடுப்பு ஒசரம். என் வூட்டுக்காருதான் அரைக்கறாரு. அது ஓடுனா மாடியே அதிரும்."

"மேடை மேல வெக்கற சின்ன மெஷின் இல்லியே?"

"அதுல அரைச்சா இந்த ஆஸ்பத்திரிக்கு எப்பக் காணும்? பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தினி கேள்வி கேக்க மாட்டாங்கம்மா!"

சுவாமிநாதன் எழுந்து தலையணையை நிமிர்த்திவைத்தார். சாருலதா தட்டை வாங்கிக்கொண்டாள். இட்லி அவ்வளவு வெள்ளை இல்லை, லேசாகப் பழுப்பு. ஓரம் கொஞ்சம் கெட்டி. விண்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். நேரம் எடுத்துக்கொண்டாள். உளுந்து வாசனை, கொஞ்சம் புளிப்பு. வேறெதுவும் இல்லை.

சட்னி தொட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டாள். இரண்டு தீர்ந்ததும், "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாள்.

அன்புக்கரசி முணுமுணுத்துக்கொண்டே கீழே போனாள். கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.