சேட்டு வைத்த ஹீட்டர்

ரேடியேட்டர் வேலைக்குத் தில்லியில் மே மாதம்தான் சீசன். டிசம்பரில் ஈகூட வராது. அப்படி ஒரு டிசம்பர் காலையில், கோட்லாவில் வேறொருவருடைய கராஜின் மூலையில் சேட்டு தன் சாமான்களைத் துடைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது வில்பிரட் சாரிடமிருந்து போன் வந்தது. மயூர் விஹாருக்கு வர வேண்டும், ஸ்பேனர்கூட வேண்டாம், பஞ்சாயத்து மட்டும்தான் என்றார் அவர்.

சேட்டுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர். ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பில் இருந்த வீடு இடிபட்ட பிறகு குடும்பம் நரேலாவுக்குப் போய்விட்டது, வேலை மட்டும் பழைய பக்கத்திலேயே தங்கிவிட்டது. போக வர நான்கு மணி நேரம். பஸ்ஸில் நின்றபடியே தூங்க அவர் பழகிக்கொண்டார். வேலையும் அவரே பழகிக்கொண்டதுதான். பக்கத்துப் போகல் பஜாரில் ஒரு கடையில் ரேடியேட்டர் கழுவப் போனவர், உடைந்து வந்தவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே ஈயம் பற்றவைக்கவும் டியூப் மாற்றவும் கற்றார். இந்திக்கார வாடிக்கையாளர்கள் அவரைச் ‘சேட்ஜி’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் சேட்ஜி கை வைத்த வேலை திரும்பி வராது என்பதையும் அவர்களேதான் ஊரெல்லாம் சொன்னார்கள். கேம்பில் சொந்தக் கடை போட்டதிலிருந்து இருபத்தேழு வருடத்தில் ஒரு வண்டிகூட அதே குறையோடு திரும்பி வந்ததில்லை. கேம்போடு கடைப் பலகையும் போய்விட்டதால், இப்போது ஆட்கள் அவரைத் தேடி வருவது அந்த ஒரு பேச்சை நம்பித்தான்.

வில்பிரட் நாகர்கோவில்காரர். விமான எஞ்சின் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாயாபுரி பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த எழுபது எண்பது வருடத்து வண்டியின் உடம்பை வாங்கி வந்து, அதற்குள் அம்பாசடர் எஞ்சினை இறக்கி, உயரத்தைக் குறைத்து, பின்சக்கரங்களை அகலமாக்கி, தக்காளிச் சிவப்பு அடித்து ஒன்பது வருடத்தில் ஓட வைத்தார். ‘ஹாட் ராட்’ என்பார் அதை. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். தலைக்கு மேலே கான்வாஸ் கூரை, பக்கத்தில் கண்ணாடி கிடையாது. டிக்கியைத் திறந்தால் அதற்குள் ஒரு சீட், வானமே கூரை. அந்த வண்டிக்கு ரேடியேட்டர் செய்தவர் சேட்டு. நாலு வரிசைச் செம்பு டியூப். ஜூன் மாத மத்தியானத்தில் பாலத்து நெரிசலில் நின்றாலும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டாது.

பஞ்சாயத்து இதுதான். ஜனவரி இரண்டாம் ஞாயிறு பழைய வண்டிகளின் ஊர்வலம். போன வருடம் சாரின் மனைவி தெரசா அம்மா கூடப் போனார். முப்பத்து நாலு வருடம் நர்ஸாக இருந்தவர், சேட்டுவுக்கு எப்போதும் ‘சிஸ்டர்’. பனியில் இந்தியா கேட் வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டு, இறங்கும்போது கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தடுமாறி, ஊர்வலத்தை அப்படியே விட்டுவிட்டு மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனி ஹீட்டர் வைத்தால்தான் ஏறுவேன் என்பது அவர் கட்சி. ஹாட் ராடில் ஹீட்டர் வைப்பது மானக்கேடு என்பது சாரின் கட்சி.

“அந்தக் காலத்துல இந்த வண்டிக்கு ஹீட்டரே கிடையாது, கேட்டியா. அதை வச்சா இது டாக்ஸி ஆயிரும்,” என்றார் வில்பிரட்.

“அந்தக் காலத்துல அம்பாசடர் எஞ்சினும்தான் கிடையாது. அதை வச்சப்போ டாக்ஸி ஆவலையோ?” என்றார் தெரசா.

சேட்டுவின் மனசு உண்மையில் சார் பக்கம்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சூட்டை வண்டிக்கு வெளியே துரத்தியவர் அவர். அதைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைப்பது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. பக்கத்தில் கண்ணாடிகூட இல்லாத வண்டியில் சூடு எங்கே நிற்கும் என்று இழுத்தார்.

“தலைக்குத் தொப்பி இருக்கு, கழுத்துக்கு மப்ளர் இருக்கு,” என்றார் தெரசா. “காலுக்கு என்ன இருக்கு சேட்டு? தகரம்.”

சேட்டு கீழே போய் வண்டிக் கதவைத் திறந்து, குனிந்து, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தார். மூன்று பக்கம் அடைப்பு, மேலே டாஷ்போர்டு. ஒரு பெட்டி மாதிரி இருந்தது. அங்கே சூட்டை விட்டால் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதற்குமேல் இன்னொரு யோசனையும் வந்தது. ஹீட்டர் என்பது என்ன? எஞ்சினிலிருந்து வரும் வெந்நீர் ஓடுகிற ஒரு குட்டி ரேடியேட்டர், பின்னால் ஒரு ஃபேன். தன்னுடைய வேலையேதான் இது. அதைச் செய்யத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

மாடி ஏறி வந்து, “வெளிய போற சூட்டுல கொஞ்சம் சிஸ்டர் காலுக்குத் திருப்பி வுடறோம் சார், அவ்ளோதான்,” என்றார். “ஊர்வலத்தன்னிக்கு சிஸ்டர் ஏறுவாங்க. அதுக்கு நான் கேரண்டி.”

வில்பிரட் இரண்டு நிபந்தனை போட்டார். உடம்பில் புதிதாக ஓட்டை போடக் கூடாது. வெளியே எதுவும் தெரியக் கூடாது. சேட்டு ஒத்துக்கொண்டார்.

வேலை எட்டு நாள் பிடித்தது. கடையில் கிடைக்கிற ஹீட்டர் எதுவும் அந்த இடுக்குக்குள் போகாது. பழைய ரேடியேட்டர்களிலிருந்து செம்பு டியூப்பை அறுத்து, டிபன் பாக்ஸ் அகலத்தில் ஒன்றைத் தானே கட்டினார். குழாயை, ரப்பர் மூடி போட்டு அடைத்து வைத்திருந்த பழைய ஓட்டை ஒன்றின் வழியாகவே உள்ளே கொண்டுவந்தார். மாட்டுவதற்கு முன்னால் தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தார், ஒரு குமிழிகூட வரவில்லை. மாட்டிய பிறகு, கீழே இந்திப் பேப்பரை விரித்து ஒரு நாள் முழுக்க விட்டார். பேப்பரில் ஒரு சொட்டு ஈரமில்லை. பிறகு பார்க்கிங்கில் வண்டியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு ஃபேனைப் போட்டார். தெரசா இறங்கி வந்து கையை நீட்டிப் பார்த்து, தலையாட்டிவிட்டு டீ போடப் போனார். சேட்டு அன்றைக்கு நரேலா வரை பஸ்ஸில் தூங்காமலே போனார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பேசியது சிஸ்டர்.

“நின்னா சூடு, ஓடினா ஐஸு. நான் என்ன செய்ய சேட்டு, நிக்கிற வண்டியில உக்காந்து ஊர்வலம் பாக்கவா?”

திரும்பி வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. சேட்டுவுக்கு மட்டும் அது காதில் விழுந்தது. ஊர்வலத்துக்கு இன்னும் ஐந்து நாள்.

வண்டி கோட்லாவுக்கு வந்தது. குழாய்க்குள் காற்று அடைத்து ஏர்லாக் ஆகியிருக்கும் என்று நினைத்து அதை வெளியேற்றினார். குழாய்களை இடம் மாற்றிப் போட்டார். மறுநாள் ஹீட்டரைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டினார். ஒவ்வொரு முறையும் கராஜில் நிற்கும்போது சூடு அனலாக வந்தது, ரிங் ரோடில் ஒரு சுற்றுப் போனால் ஆறிப்போனது. கராஜ்காரர், “க்யா சேட்ஜி, மால் வாபஸ்?” என்று, சரக்கு திரும்பி வந்துவிட்டதா என்று, கேட்டுவிட்டுப் போனார். சிரிப்பதற்குத்தான் கேட்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் அது லஜ்பத் நகர் வரைக்கும் போய்விடும் என்று சேட்டுவுக்குத் தெரியும்.

வண்டியை மயூர் விஹாருக்கே கொண்டுபோய், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாரை ஓட்டச் சொல்லிவிட்டுத் தான் டிக்கி சீட்டில் ஏறிக்கொண்டார். பனியில் முன்னால் போகும் பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்தது. யமுனைப் பாலத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி பானட்டைத் தூக்கி, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாயைக் கையால் பிடித்தார். ஓடி நின்ற வண்டியில் அந்தக் குழாயை மூன்று எண்ணுவதற்குமேல் பிடித்திருக்க முடியாது. சேட்டு முப்பது வரை எண்ணினார். குளிருக்கு இதமாகத்தான் இருந்தது.

அப்போது விளங்கிவிட்டது. ஹீட்டரில் குறையே இல்லை. எஞ்சினுக்கே சூடு ஏறவில்லை. எல்லா வண்டியிலும் தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று இருக்கும், ஒரு கைக்கடிகாரம் அளவு. தண்ணீர் சூடாகிற வரைக்கும் ரேடியேட்டர் பக்கம் விடாமல் வழியை மூடி வைக்கும், சூடானதும் திறக்கும். தில்லி வெயிலில் அது எங்காவது திறக்காமல் சிக்கிக்கொண்டால் எஞ்சின் வெந்துவிடும். அதனால் ரேடியேட்டர் கடைகளில் ஒரு வழக்கம். எந்தப் பழைய வண்டி வந்தாலும் முதலில் அந்த வால்வைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். கேட்கக்கூட மாட்டார்கள். ஆறு வருடத்துக்கு முன் இந்த வண்டியிலும் சேட்டு அதைத்தான் செய்தார். சார் அப்போதே வேண்டாம் என்றார். “தில்லி வெயிலுக்கு இது எமன் சார்,” என்று சேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார். வால்வு இல்லாத வண்டி நிற்கும்போது சூடாகும். ஓடினால், எதிர்க்காற்றும் நாலு வரிசைச் செம்பும் சேர்ந்து எல்லாச் சூட்டையும் தின்றுவிடும்.

யாருக்கும் தெரியாமல் இதைச் சரிசெய்ய ஒரு வழியும் இருந்தது. பனிக்காலத்தில் லாரிக்காரர்கள் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் சொருகி வைப்பார்கள். அதைச் சொருகிவிட்டு, குழாயில் காற்று அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகப் போய்விடும், சேட்டு கை வைத்த வேலையும் திரும்பி வராததாகவே இருக்கும். எதிரே பெட்டிக்கடை வாசலில் பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்று அளவெடுத்த மாதிரி கிடக்கவும் செய்தது.

“என்ன, ஏர்லாக்கா?” என்று கேட்டார் வில்பிரட்.

சேட்டு பானட்டை மூடி, கையைத் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்தார்.

“இல்ல சார். ஆறு வருசம் முன்னாடி நீங்க வேணாம்னு சொல்லச் சொல்லப் புடுங்கிப் போட்டேனே ஒரு வால்வு, அதான். தப்பு என்னுது.”

வில்பிரட் அவரைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சைக்கிளில் போன பால்காரர் ஒருவர் இறங்கி, என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கியதும் சேட்டு தன் கவலையைச் சொன்னார். வால்வை இப்போது போட்டால் மே மாதம் என்ன ஆவது, ஹோலி முடிந்ததும் வந்து மறுபடி எடுத்துவிடட்டுமா என்றார்.

“எதுக்கு? உன் ரேடியேட்டரை நான் நம்புறேன். நீயே நம்ப மாட்டேங்கியே,” என்றார் வில்பிரட்.

அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. எத்தனை வண்டிகளில் அந்த வால்வைப் பிடுங்கியிருப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, இருநூறில் விட்டுவிட்டார். அத்தனை பேரும் ஜனவரியில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓட்டியிருப்பார்கள். குளிரைத் திட்டியிருப்பார்களே தவிர, ஒருவருக்கும் சேட்டுவின் ஞாபகம் வந்திருக்காது. நினைக்க நினைக்க அவருக்கே சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காஷ்மீரி கேட்டில் மூன்றாவது கடையில் வால்வு கிடைத்தது. டீ வைக்கிற பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது வாய் திறக்கிறதா என்று நாலு தடவை பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த கராஜ்காரரிடம், ஆமாம் மால் வாபஸ்தான், தப்பு என்னுடையது என்று அவராகவே சொன்னார். கராஜ்காரர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தன் பழைய வேனிலும் அந்த வால்வு இல்லையோ என்று கேட்டார். இல்லை என்றார் சேட்டு.

சனிக்கிழமை காலை முன்சீட்டில் சாரும் சிஸ்டரும், டிக்கியில் சேட்டு. கிளம்பும் முன்பே சிஸ்டரிடமும் வால்வுக் கதையைச் சொல்லித் தப்பை ஒப்புக்கொண்டார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, இப்போ வருமா வராதா?” என்றார்.

பாலத்தில் ஏறினார்கள். காற்று கத்தி மாதிரி வந்தது. கான்வாஸ் கூரையின் பின்பக்க ஜன்னல் பனியில் மங்கிக் கிடந்ததால் உள்ளே நடப்பது எதுவும் தெரியவில்லை. பாலத்தின் நடுவில் சிஸ்டர் குனிவது மட்டும் தெரிந்தது. காலைத் தேய்த்துக்கொள்கிறாரோ என்று சேட்டு எட்டி எட்டிப் பார்த்தார். பாலம் முடிந்ததும் வண்டி ஓரமாக நின்றது.

சேட்டு குதித்து இறங்கி ஓடினார். சிஸ்டர் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாக்ஸோடு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாரின் இடது கால், க்ளட்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, மெதுவாக ஹீட்டர் பக்கம் நகர்ந்து வந்திருந்தது. சேட்டு கையை நீட்டிப் பார்த்தார். நின்ற சூடு இல்லை, வண்டி ஓடி வந்த சூடு.

தெரசா சேட்டுவை ஏற இறங்கப் பார்த்தார். மீசையில் பனி சொட்டியது, பல் தந்தியடித்தது.

“ஏங்க, இறங்குங்க,” என்றார் கணவரிடம். “சேட்டு ஓட்டட்டும்.”

“அப்போ நான்?”

“பின்னால இரிங்க. உங்களுக்குத்தான் ஹீட்டர் வேண்டாமே.”

வில்பிரட் ஏதோ வாதாடிப் பார்த்தார். மனைவி ஷூவைக் கையில் எடுத்ததும், மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு போய் டிக்கியில் ஏறினார். சேட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே வெதுவெதுவென்று இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் செய்த வேலையை அவரே அனுபவித்தது இதுதான் முதல் தடவை.

“நாளைக்கு எத்தன மணிக்கு சிஸ்டர்?” என்று கேட்டார்.

“ஆறரைக்கு. நான் வாறேன்,” என்றார் தெரசா. “மெதுவாப் போ. அவரு கொஞ்சம் காத்து வாங்கட்டும்.”