தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே அண்ணி

எந்த வீட்டுக்குப் போனாலும் அண்ணி முதலில் மாடிப்படியைத்தான் தேடுவார். கீழே காபி ஆறிக்கொண்டிருக்கும். இவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நடுவுல அந்தக் கட்டடம் மட்டும் இல்லைன்னா அருமையா போயிருக்கும்" என்பார். எது போயிருக்கும் என்று தெரியாமல் வீட்டுக்காரர்கள் விழிப்பார்கள். என் அண்ணன் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், "அலை. தண்ணியில வர்ற அலை இல்ல, காத்துல போற அலை" என்று சொல்லிவிட்டு, அண்ணியின் பங்கு பிஸ்கட்டையும் சேர்த்து முடித்துவிடுவான்.

அண்ணி குடிநீர் வாரியத்தில் பொறியாளர். ஆற்றங்கரையில் பம்பு, மேட்டில் தொட்டி, இடையில் ஒரு முழு ஊர். தொட்டி நிறைந்ததா காலியா என்று பம்புக்கு யாராவது சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் மண்ணுக்குள் புதைத்த கம்பி சொல்லிக்கொண்டிருந்தது. சாலை தோண்டுகிறவர்கள் அதை வெட்டாத வருஷமே இல்லை. இனிக் கம்பி வேண்டாம், காற்று வழியாகவே பேசட்டும் என்று வாரியம் முடிவெடுத்தது. எந்த வழியில் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை அண்ணியின் தலையில் விழுந்தது.

தலைமைப் பொறியாளருக்கு ஒரு சிம் கார்டு போதும். "ஊரே போன்ல பேசுது, நம்ம தொட்டி மட்டும் பேசாதா?" என்றார்.

"பேசும் சார். ஆனா கரண்ட் போனா ஊரே ஒரே நேரத்துல பேசும். அப்ப நம்ம தொட்டி வரிசையில நிக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். வாரியத்துக்கே சொந்தமான ரேடியோ வந்தது. தொட்டியில் ஒரு ஆன்டெனா, பம்பு வீட்டுக் கூரையில் ஒரு ஆன்டெனா. "ரெண்டுக்கும் கண்ணுக்குக் கண் தெரியணும், அவ்வளவுதான்" என்பார் அண்ணி. அவருடைய பேச்சில் பம்பு "அவன்", தொட்டி "அவ". "அவ மெதுவாத்தான் பேசுவா, ஆனா பொய் சொல்ல மாட்டா" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வார். அண்ணன் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை என்றால், "உங்க அண்ணன்கிட்ட சிக்னல் முழுசா இருக்கு, பதில்தான் வராது" என்று என்னிடம் முறையிடுவார்.

சோதனை நடந்தது வெயில் காலத்தில். மேட்டுச் சரிவில் இருந்த மரங்கள் மொட்டையாக நின்றன. தொட்டியும் பம்பும் வாய் ஓயாமல் பேசின. பிறகு மழை வந்தது, மரங்கள் தழைத்தன. ஈர இலைகள் அலையைக் குடித்துவிட்டன. ஒரு காலையில் தொட்டியின் குரல் அடங்கிப்போனது. தகவல் வராவிட்டாலும் குழாய்கள் வற்றக் கூடாதென்று, ஓடுகிற பம்பு ஓடிக்கொண்டே இருக்கும்படி அண்ணிதான் அமைத்திருந்தார். அது இறைத்துக்கொண்டே இருந்தது. நிறைந்த தொட்டி வழிந்து, சரிவில் இறங்கி, அடியில் இருந்த தையல்காரர் வீட்டுக்குள் புகுந்தது. தைத்து மடித்து வைத்த துணிகளெல்லாம் நனைந்தன.

அலுவலகத்தில் நல்லெண்ணத்தோடு ஒருவர், "பழியை மழை மேல போட்டுடலாம் மேடம்" என்றாராம்.

"மழை வரும்னு எல்லாருக்கும் தெரியும். மரம் தழைக்கும்னும் தெரியும். யோசிக்காம விட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார். அண்ணன் வெளியூரில் இருந்ததால் என் வண்டியில்தான் தையல்காரர் வீட்டுக்குப் போனோம்.

வாசலிலேயே தையல்காரர் பிடித்துக்கொண்டார். "உங்க தொட்டி பேசும்னு சொன்னாங்க. வாந்தி எடுக்கத்தான் தெரியும் போல!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணி சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதுதான் ஐயா" என்றார். பிறகு தரையில் கிடந்த ஈரத்துணிகளைப் பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு, காயவைக்க மாடிக்குப் போனார். போனவர் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தால், ஒரு கண்ணை மூடியபடி நிற்கிறார். மரங்களுக்கு ஒதுங்கின மூலை அது. ஒரு பக்கம் தொட்டி, மறுபக்கம் பம்பு வீட்டுக் கூரை, இரண்டும் தெளிவாகத் தெரிந்தன.

இப்போது மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். கேட்டே விட்டார். "ஐயா, தொட்டி சொல்றதை வாங்கிப் பம்புக்குச் சொல்ல உங்க மாடியில ஒரு கம்பம் நட்டுக்கலாமா?"

"வீட்டுக்குள்ள தண்ணி விட்டாச்சு, இனி தலைமேல கம்பமா?" என்று அவர் கத்த, உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தமாகச் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். தையல்காரர் மெஷினைவிட்டுத் தலை நிமிர்த்தாமல், "அந்த மரங்களை வெட்டிட்டாப் போச்சு. எதுக்கு என் மாடி?" என்றார்.

"வெட்டலாம். எங்க தலைமைப் பொறியாளர் அதைத்தான் சொல்றாரு. ஆனா அந்த நிழல்லதானே ஐயா உங்க வீடு இருக்கு?"

மெஷின் நின்றது. அவர் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தார். "சரி. ஆனா தொட்டி நெறைஞ்சா பம்புக்கு மட்டும் சொன்னாப் பத்தாது. எனக்கும் சொல்லணும்."

அப்படியே ஆயிற்று. கம்பத்தின் அடியில் அவருக்கென்று ஒரு சிவப்பு விளக்கு வந்தது. பம்புக்கும் புது உத்தரவு போயிற்று: தொட்டியிடமிருந்து தகவல் வராவிட்டால் நின்றுவிடு, ஆளைக் கூப்பிடு.

கம்பம் நட்ட அன்று அண்ணி ஏணியின் உச்சியில் நின்று ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். காதில் இடுக்கிய போனில் பம்பு ஆபரேட்டர். "இல்ல மேடம்... இன்னும் இல்ல... ஏதோ முனகுது... மேடம், வந்துருச்சு! தெளிவா வந்துருச்சு!"

அண்ணி அவசரமாக இறங்கியதில் ஏணியின் ஆணியில் சட்டைக் கை மாட்டி, முழங்கைவரை கிழிந்தது. கீழே தையல்காரர் அதைப் பார்த்தார்.

"இப்படியேவாம்மா ஆபீஸ் போவ?" என்றபடி ஊசியில் நூல் கோத்தார்.

அண்ணியின் போன் அடித்தது. தலைமைப் பொறியாளர். அண்ணி அதை அடிக்க விட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கிழிந்த கையை அவர் பக்கம் நீட்டினார்.