ஹோட்டலுக்குப் போட்ட லொக்கேஷன்

கண்டியில் போனில் வண்டி கூப்பிடுகிற யாருக்கும் இது தெரியும். வண்டிக்கு முன்னால் டிரைவருடைய கேள்விதான் வந்து சேரும். "கொஹெத யன்னே?" எங்கே போகணும்? நாம் சொல்கிற இடம் பிடித்தால் வருவார். பிடிக்காவிட்டால் "ஹரி, ஹரி", சரி சரி, என்று போனை வைத்த கையோடு கான்சல். நான் வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். டவுனில் பல் வைத்தியர் ஒருவருடைய கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன், பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அம்மா இன்னும் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான். லீவு நாளில் வீட்டுக்குப் போக வண்டி கூப்பிட்டு, தோட்டத்துப் பேரைச் சொன்னதும் எத்தனை பேர் ஓடிப்போனார்கள் என்று கேட்காதீர்கள். வாயில் நல்லா வருது எனக்கு.

பஸ்ஸில் போனால் என்ன என்பீர்கள். வத்தேகமை வரைக்கும் பஸ்ஸுக்குக் குறையில்லை. அதற்கு மேலே அவரவர் அதிர்ஷ்டம்.

சரி, ஆப்பிலேயே தோட்டத்துப் பேரை அடிக்கலாம் என்றால் அதற்குத் தெரியாது. அதிலே காட்டுகிற மேப் படத்தில் எங்கள் மலை முழுக்க வெறும் பச்சை. லயம் கிடையாது, கோயில் கிடையாது, நான் படித்த ஸ்கூல் கிடையாது. அத்தனை பேர் பிறந்து செத்த இடம், ஒரு புள்ளி கூட இல்லை! அந்தப் பச்சைக்கு நடுவே ஒரே ஒரு பேர்தான் இருக்கும். உச்சியில் இருக்கிற ஹோட்டல். முந்தி துரை பங்களாவாக இருந்தது, இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள்.

ஒரு நாள் எரிச்சலில் அந்த ஹோட்டலையே லொக்கேஷனாகப் போட்டேன். அடேயப்பா! போன் பண்ணிக் கேட்டவருடைய குரலே குழைந்தது. சொன்ன நேரத்துக்கு முந்தியே கார் வந்து நின்றது. தோட்டத்து முச்சந்தியில் வலப்பக்கம் ஹோட்டலுக்கு, இடப்பக்கம் லயத்துக்கு. அங்கே இறங்கி, "ஹோட்டல் ஜீப் இங்க வரும், போதும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கார் திரும்பிப் போகும் வரை நின்றுவிட்டு இடப்பக்கம் நடந்தேன். முதல் தடவை ஜெயித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. போகப் போக அந்தப் பொய் எனக்கு ருசித்துவிட்டது. "மிஸ் ஹோட்டல்ல மெனேஜரா?" என்று ஒருவர் கேட்டபோது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நீச்சல் குளத்தைப் பற்றிக் கூடப் பேசியிருக்கிறேன். நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வெட்கங்கெட்டவள்.

போன மாதம் கண்டி பெரியாஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன் நடந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது, கால் தடுக்கி விழுந்தால் கண் போச்சு. இந்த முறை வண்டி வாசல் வரைக்கும் போயே ஆகணும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் லயத்துக் கோயில் வரைக்கும் கொங்கிரீட் பாதை இருக்கிறது, கார் தாராளமாகப் போகும். கோயில் எங்கே இருக்கும் என்று குத்துமதிப்பாக அந்தப் பச்சையிலேயே விரலை வைத்து லொக்கேஷன் போட்டேன். ஒருவர் கேட்டார், கான்சல். இன்னொருவர் கேட்டார், கான்சல். மூன்றாமவர் கேட்கக் கூட இல்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வெயிலில், கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். ஹோட்டலைப் போட்டேன். உடனே கிடைத்தது.

"அம்மா, கார்ல ஏறினதும் வாயத் தொறக்காம வா. ஹோட்டலுக்குப் போறம்னு சொல்லியிருக்கேன். சந்தி வந்ததும் நம்ம பக்கம் திருப்பச் சொல்லிக்கிறேன்."

"என்னமோ செய்யுடி" என்றாள்.

டிரைவர் கெலிஓயாக்காரர், ஐம்பது வயது இருக்கும். நானும் அவரும் சிங்களத்தில்தான் பேசிக்கொண்டு போனோம். மடவளை தாண்டி ஒரு வளைவில் நாய் குறுக்கே ஓட, அவர் பிரேக்கை அமுக்க, அம்மா "ஐயோ முருகா!" என்று கத்திவிட்டாள்.

"அட, தமிழா? நானும் இவ்வளவு நேரம் சிங்களத்துல பேசிட்டு வாறேனே!" மனிதருக்கு ஒரே சந்தோஷம். முஸ்லிம் ஆள், வீட்டில் தமிழ்தானாம். அதற்கப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. அவருடைய மச்சான் அமெரிக்காவில் இருக்கிறாராம். டிரைவரே இல்லாத காரில் ஏறி வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாராம். ஸ்டியரிங் தானாகச் சுற்றுகிறதாம். "அது இங்கேயும் வந்திச்சென்டா எங்கட சோத்துல மண்ணுதான், மிஸ்."

பாவம், அவருக்கு வயிற்றுக் கவலை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. வரட்டும் ஐயா, நாளைக்கே வரட்டும். எங்கே போறே என்று கேட்காது. தோட்டம் என்றதும் கான்சல் பண்ணாது. கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்து எடை போடாது. அதற்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே எனக்கு இருக்காது.

சும்மா வா என்றால் அம்மா சும்மா வருவாளா? "ஆளே இல்லாட்டி, கோயில்கிட்ட நிப்பாட்டுப்பான்னு யார்கிட்ட சொல்றது?" என்றாள்.

அவர் சிரித்தார். "அதுக்கிட்ட ஒண்டும் சொல்ல ஏலாது உம்மா. படத்துல ஈக்கிற எடத்துக்கு மட்டுந்தான் போகும்."

என் குஷி அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. படத்தில் இருக்கிற இடம் என்றால் எங்களுக்கு ஹோட்டல் வாசல்தான். இவர்களிடமாவது கெஞ்சலாம், சண்டை பிடிக்கலாம், இன்னும் கொஞ்சம் தள்ளி விடுங்க என்று கேட்கலாம். அந்த இயந்திரம் ஹோட்டல் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடும். இதை யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோயில் என்ற சொல் அவருக்கு இடித்திருக்க வேண்டும்.

"உம்மாவும் ஹோட்டலுக்கா போறாங்க? மிஸ்ஸுக்கு என்ன வேணும் இவங்க?"

என் அம்மா. இரண்டே சொல். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், பழைய சட்டைக்கு மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு, காது வளர்த்து, றப்பர் செருப்போடு இருக்கிற இவளுடைய மகள் ஹோட்டலில் என்ன செய்கிறாள் என்று அடுத்த கேள்வி வரும். ஒரு மூச்சு நேரம் தயங்கினேன். அவ்வளவுதான்.

"நான் நோனா வீட்டுல வேலைக்கி நிக்கிறேன் தம்பி" என்றாள் அம்மா. "நோனாதான் ஆப்பரேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் கொண்டாறாங்க."

அந்தச் சொல் அவளுக்குப் புதிதில்லை. அப்பா போன பிறகு கண்டியில் வீடு வீடாகச் சமையலுக்கு நின்றுதான் என்னைப் படிக்க வைத்தாள். அங்கே வீட்டுக்கார அம்மாக்கள் எல்லோரையும் நோனா என்றுதான் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து என்னை 'அடியே' என்ற வாய், ஒரு தடங்கல் இல்லாமல் என்னையும் நோனா என்றது. நான் மறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிரைவர் உருகிவிட்டார். வேலைக்காரிக்கு இந்தக் காலத்தில் யார் இவ்வளவு செய்வார்கள்? சொந்தப் பிள்ளைகளே செய்ய மாட்டார்களே! "நல்ல எடத்துல நிக்கிறீங்க உம்மா, விட்டுறாதீங்க."

"விடுவேனா தம்பி" என்றாள் அம்மா.

சந்தி வந்தது. வலப்பக்கம் திரும்பச் சொல்லி அவருடைய போன் பேசியது. இடப்பக்கம் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் கோயிலடிக்குப் போயிருப்போம். பைப்படியில் நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் "அம்மாவும் மகளும் வந்துட்டாங்க" என்று ஓடி வந்திருப்பார்கள். கார் வலப்பக்கம் ஏறியது.

ஹோட்டல் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்து லயத்துக்குப் போவதென்றால் தேயிலைக்கு நடுவே செங்குத்தாக இறங்குகிற கல்படிதான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒரு கண் மூடியிருந்ததில் தரை எங்கே என்று தெரியாமல் காலால் துழாவினாள். துழாவிக்கொண்டே கையை நீட்டி, "பைய நான் தூக்கிக்கிறேன், குடுங்க நோனா" என்றாள்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "டிரைவர் நானா, நில்லுங்க!" என்று கத்தினேன். "இது என் அம்மா. என்னைப் பெத்த அம்மா. கீழ லயத்துலதான் எங்க வீடு. தயவு செஞ்சு அங்க கொண்டு போய் விடுங்க."

அவர் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா சிரித்தாள். சாதாரணமாக, வாய் நிறையச் சிரித்தாள். "நோனா எப்பவும் இப்படித்தான் தம்பி. அம்மா அம்மான்னுதான் சொல்லுவாங்க. அவ்வளவு நல்ல மனசு. நீங்க போயிட்டு வாங்க, நான் மெதுவா நடந்துருவேன்."

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. காட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? அம்மா தன்னை வேலைக்காரி என்றபோது நான் மறுக்காமல் வந்ததை அவரே பார்த்திருந்தாரே.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல பரக்கத் தருவான் மிஸ்" என்று நெஞ்சில் கையை வைத்துச் சொல்லிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் முன்னால் நின்று, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினேன். அம்மாவின் இரண்டு கையும் என் கையில். எங்கே விழுந்துவிடுவாளோ என்று எனக்கு உயிரே இல்லை. பாதி வழியில் அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா அப்படிச் சொன்ன? நான்தான் உண்மையச் சொல்லிட்டேனே! கார்லயே வீட்டுக்குப் போயிருக்கலாமே!"

"போயிருக்கலாம்" என்றாள். அடுத்த கல் எங்கே என்று காலால் தேடிக்கொண்டே சொன்னாள். "வழி பூரா பெத்தவள வேலைக்காரின்னு சொல்ல விட்டு வந்தவன்னு அந்தாளு ஒன்னக் காறித் துப்பிட்டுப் போவான். அதுக்கு நான் வேலைக்காரியாவே இருந்துட்டுப் போறேன்டி."