காகிதக் கடலுக்கு ஒரு கரை

இன்று மகளோடு உட்கார்ந்து காகிதத்தில் கப்பல் சண்டைக் காட்சி ஒன்று செய்தேன். அவள் அப்பா போயிருக்கும் போர்க்கப்பல் ஒரு பக்கம், ஜப்பான்காரன் கப்பல்கள் மறுபக்கம்.

கம்பைநல்லூர்ச் சந்தையில் வாங்கிய சலவை நீலத்தைப் பூசிய அட்டைதான் கடல். கேழ்வரகுக் கூழ்தான் பசை.

ஒரு கப்பலைச் சாய்த்து ஒட்டினாள். "இது முழுகுதும்மா."

"யாருதுடி?" என்றேன்.

"அப்பாவுது. நீ பயப்படாத, நீஞ்சிக் கரையேறிடுவாரு."

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் ஊர் ஏரிக்கு இருப்பதுபோல, கடலைச் சுற்றிக் களிமண்ணால் கரை கட்டியிருந்தாள்.

கப்பலை நிமிர்த்தப் பார்த்தேன். பசை காய்ந்துவிட்டது.

நானும் கடலைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள், நடுக்கடலிலிருந்து கரை தெரியும்தானே? தெரியாது என்பவர்கள் மட்டும் தயவுசெய்து பதில் எழுத வேண்டாம்.