மெல்லிய சுவருக்குள் ஒளிந்திருந்தது

எங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அக்காவின் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்பவர் எதிரே வரும் லாரியைப் பார்த்து வாயைப் பிளந்தால், பயிற்சியாளருக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துவார். அதற்கப்புறம்தான் திட்டுவார். நான் பதிவு மேசையில் இருப்பவள். இருபது வருஷமாக அவர் திட்டிலும் எனக்குப் பங்கு உண்டு, டீயிலும் பங்கு உண்டு.

அப்போது அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாதவிடாய் நின்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒரு நாள் காலை வகுப்பு முடிந்து கழிப்பறைக்குப் போனவர், வந்து என் மேசை மேல் சாய்ந்துகொண்டு குரலைத் தணித்தார்.

"நாப்கின் இருக்கா?"

"யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான்டி. ஆறு வருஷம் கழிச்சுச் சொல்லாம கொள்ளாம வந்திருக்கு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரித்தேன்.

பக்கத்துத் தெரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சுவர் மூன்றே மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிசாக இருந்தால் பயமில்லை என்றார் அந்த டாக்டர். இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று மெல்லிய குழாய் விட்டுக் கொஞ்சம் திசு எடுத்து அனுப்பினார். ரிப்போர்ட் வந்ததும் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, வயசானா உள்ளே வறண்டு போய் இப்படி வரும்" என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம். இந்த முறை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு எதற்கு ஊரைக் கூட்டுவது என்று நினைத்திருக்கிறார். துணி துவைக்கப் போட்ட அவர் கணவர் கண்ணில் பட்டுவிட்டது.

அக்காவின் கணவர் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தாலும் முதலில் எழுத்துப்பிழை தேடுவார், அப்புறம்தான் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பார். அவர் அலமாரியிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து, பேனா முனையை ஒவ்வொரு வரியாக நகர்த்தி வாசித்தார்.

"இங்க பாரு. புற்றுநோய் இல்லைன்னு இதுல எங்கயுமே எழுதல."

"பின்னே என்னங்க எழுதியிருக்கு?"

"முடிவு சொல்லப் போதுமான திசு கிடைக்கலைன்னு எழுதியிருக்கு. இல்லைங்கறது வேற, தெரியலைங்கறது வேற. அந்த டாக்டர் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாரு."

மறுநாளே இருவரும் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "சார் என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வாரமே மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். ஒரு மூலையில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு சதை வளர்ச்சி இருந்தது. முந்தைய குழாய் அந்தப் பக்கமே போயிருக்காது. அதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. தனிச் சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும், இன்னொரு நிபுணரிடமும் கேட்க வேண்டும் என்று ஆய்வகத்திலிருந்து தகவல் வந்தபோதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "ஒண்ணும் இல்லாததுக்கு யாராவது ரெண்டு பேர்கிட்ட கேப்பாங்களா?" என்றார். அந்த மூன்று வாரமும் ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. திட்டுவது மட்டும் குறைந்திருந்தது. கற்றுக்கொள்ள வந்தவர்கள்தான் பயந்துபோனார்கள்.

முடிவைக் கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"கர்ப்பப்பைப் புற்றுநோய்தான்மா. ஆனா எப்பவும் பாக்கற வகை இல்ல. அது மெதுவா வளரும், சுவரைத் தடிமனாக்கும், ஸ்கேன்ல தெரிஞ்சிடும். இது சீரஸ்னு ஒரு வகை. கர்ப்பப்பைப் புற்றுநோய் வர்ற பத்துப் பேர்ல ஒருத்தருக்குத்தான் இந்த வகை இருக்கும். சுவர் மெல்லிசாவே இருக்கும், உள்ளே ஒளிஞ்சிருக்கும். சின்னதா இருக்கும்போதே வெளியே பரவக்கூடியது."

"பரவிடுச்சா?"

"ஸ்கேன்ல அப்படித் தெரியல. ஆபரேஷன் பண்ணினாதான் உறுதியாச் சொல்ல முடியும்."

அக்கா கைப்பையின் வாரை இரண்டு முறை விரலில் சுற்றி, அவிழ்த்தார். "எப்போ பண்ணலாம்?" என்றார். வெளியே வந்து காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அழுதார். கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டில் அவருக்கு ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டதாம். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்.

அறுவை சிகிச்சை நாலரை மணி நேரம் நடந்தது. கர்ப்பப்பை, கருக்குழாய்கள், சூலகங்கள், சில நிணநீர் முடிச்சுகள், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புப் படலம் எல்லாவற்றையும் எடுத்துப் பரிசோதித்தார்கள். எதிலும் பரவவில்லை. கர்ப்பப்பைக்குள்ளேயே பிடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வயித்துல இருந்த கொழுப்பைக்கூட எடுத்துட்டாங்களாம்டி."

"அப்போ இனிமே அடக்க ஒடுக்கமா இருப்பீங்க."

"அது வயித்துக் கொழுப்பு. வாய்க்கொழுப்பை எந்த டாக்டரும் தொட முடியாது."

தையல் வலியில் சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இந்த வகை மறுபடி தலைதூக்கக் கூடியது என்பதால் ஆறு முறை கீமோ. முதல் முறைக்குப் பிறகு முடி கொட்டியது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு பாதம் மரத்துப்போனது. அதுதான் அவரை உடைத்தது. பள்ளிக்கு வந்து கார் சாவியை என் மேசையில் வைத்தார். "பிரேக் மேல கால் இருக்கா இல்லையான்னே தெரியல. இந்தக் காலை நம்பி யாரையும் உட்கார வைக்க முடியாது" என்றார்.

அன்று மாலை கணவர் பள்ளிக்கு வந்து பதிவுப் படிவம் கேட்டார். யாருக்கு என்றேன். தனக்குத்தான் என்றார். அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷமாக மனைவி ஓட்டும் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர். "ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாள்தான் வாடகை வண்டிக்காக வாசல்ல நிக்கறது" என்று கையெழுத்துப் போட்டார்.

நகருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கைக் கையில் பிடித்தபடி அக்காவே கற்றுக்கொடுத்தார். கத்துகிற கத்தல் மைதானத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. "கண்ணாடியைப் பாருங்க! புரூஃப் பாக்கற மாதிரி அதையே முறைச்சுக்கிட்டு இருக்காதீங்க, ரோட்டையும் பாருங்க!" முதல் தேர்வில் அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, தடம் காட்ட வைத்திருந்த கூம்பை இடித்துத் தோற்றார். இரண்டாவது முறை தேறினார். ஆறாவது கீமோவுக்கு அவர்தான் ஓட்டிக்கொண்டு போனார், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அக்கா ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டே போனார்.

பாதத்தில் உணர்ச்சி திரும்ப ஒன்பது மாதம் பிடித்தது. ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவருக்குத் தரை சில்லென்று இருந்திருக்கிறது. உடனே எனக்குப் போன். "தரை குளுருதுடி!" என்று கத்தினார். டாக்டர் சோதித்து எழுதிக் கொடுத்த பிறகும் அவருக்குத் திருப்தியில்லை. தேர்வு அதிகாரியிடம் போய், தன்னைப் புதிதாக வந்தவள்போல ஓட்டச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டார். அதிகாரி அக்காவிடமே ஓட்டக் கற்றவர். கூச்சத்தில் நெளிந்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, திடீர் பிரேக் உட்பட எல்லாவற்றையும் செய்யச் சொன்னார். இறங்கும்போது, "பழைய அக்காவேதான்" என்றார். மறுநாள் எட்டு மணிக்கே பள்ளி வாசலில் அவர் குரல் கேட்டது.

ஐந்து வருஷம் முடிந்த பரிசோதனையில், இனி வருஷத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார் டாக்டர். அக்கா எழுந்திருக்காமல், "ஒரு ஆசை. அதை நான் பாக்கணும்" என்றார். எதை என்று கேட்டபோது, "என் வயித்துலருந்து எடுத்துக் கண்ணாடிச் சில்லுல வெச்சுப் பார்த்தாங்களே, அதை" என்றார்.

ஆய்வகத்தில் இருந்த பெண் நிபுணர் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பெயரில்லாமல் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். முதல் பார்வையில் சாதாரண வளர்ச்சியாகத்தான் தெரிந்தது என்றார். நுனியில் மட்டும் ஒரு வரிசை செல்கள் உறுத்தவே, இன்னும் பல துண்டுகள் வெட்டச் சொன்னாராம். மைக்ரோஸ்கோப்பைச் சரிசெய்து அக்காவை உட்காரவைத்தார். அக்கா ஒரு கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார். ஊதாவும் ரோஜா நிறமுமாகப் புள்ளிகள்.

"இவ்வளவுதானா?" என்றார் கடைசியில். "பாக்க அழகாத்தான் இருக்கு, சனியன்."

நிபுணர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்து நானும் பார்க்க வேண்டும் என்றேன். கணவரும் வரிசையில் நின்றார்.